கேமரா உள்ளே போவதற்கு முன்: மாதவிடாய் நின்றபின் வந்த இரத்தக் கசிவு – ஒரு நிகழ்வு ஆய்வு

ஹிஸ்டிரோஸ்கோப்பி என்பது மெல்லிய கேமராவைக் கர்ப்பப்பைக்குள் செலுத்தி, உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்க்கும் பரிசோதனை. எங்கள் ஓ.பி.க்கு வரும் பெண்கள் இதைக் கேமரா டெஸ்ட் என்பார்கள். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்; அன்றே வீட்டுக்குப் போகலாம். அதனாலேயே, "பத்து நிமிட வேலைதான், பயப்படாதீர்கள்" என்ற ஒற்றை வரியோடு மேசையில் படுக்கவைக்கப்படும் பெண்கள் இன்னும் ஏராளம். அந்த வரி போதவே போதாது. என்ன நடக்கும், எங்கே வலிக்கும், எதை மறுக்கலாம் என்பதை முன்கூட்டியே அறிந்து வரும் பெண்ணுக்கும் அறியாமல் வரும் பெண்ணுக்கும் இந்தப் பரிசோதனை ஒன்றுபோல் அமைவதில்லை.

கீழே வருவது தனி ஒருவரின் வரலாறு அன்று. ஒரே தொல்லையோடு வந்தவர்களிடம் நான் கண்டவற்றைச் சேர்த்து ஒரு நிகழ்வாக அமைத்திருக்கிறேன்.

வந்த காரணம்

வயது 57. இரண்டு பிள்ளைகள், இரண்டும் சுகப்பிரசவம். 51 வயதில் மாதவிடாய் நின்றுவிட்டது. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின், இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறார். எடை 74 கிலோ. நான்கு மாதங்களில் மூன்று முறை உள்ளாடையில் இரத்தக் கறை கண்டிருக்கிறார். முதல் முறை உடம்புச் சூடு என்று நினைத்து வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிட்டார். இரண்டாம் முறை யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் முறை மருமகள் துணி துவைக்கும்போது பார்த்துவிட்டார். அவர்தான் அழைத்து வந்தார்.

எங்களிடம் வருவதற்கு முன் வேறோர் இடத்தில் காட்டியிருக்கிறார்கள். "பிள்ளை பெற்று முடித்தாயிற்று, இனி அது இருந்து என்ன பயன், எடுத்துவிடலாம்" என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். அதனால் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கர்ப்பப்பையை எடுத்தால்தான் தீருமா டாக்டரம்மா?" என்பதுதான்.

பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பிறகு ஒரு துளி இரத்தம் வந்தாலும் அதற்குக் காரணம் கண்டாக வேண்டும். 2018 இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, இப்படிக் கசிவு வரும் பெண்களில் சுமார் 9 சதவீதம் பேருக்குக் கர்ப்பப்பை உட்சவ்வுப் புற்றுநோய் இருக்கிறது. இதைத் திருப்பியும் பார்க்க வேண்டும்: பத்தில் ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இல்லை. அவர்களுக்குச் சவ்வு மெலிந்து வறண்டிருக்கலாம், பாலிப் எனப்படும் சதை வளர்ச்சி இருக்கலாம், நார்க்கட்டி இருக்கலாம். ஆனால் அந்தப் புற்றுநோய் உள்ள பெண்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேரிடம் இந்தக் கசிவு முன்னறிவிப்பாக வந்திருக்கிறது. நம் வீடுகளில் இதைச் சூடு என்று தள்ளிப்போடும் வழக்கம் என்னை உண்மையாகவே வருத்துகிறது. உடல் பருமனும் சர்க்கரையும் சேர்ந்த இவரைப் போன்றவர்களுக்கு அபாயம் மற்றவர்களைவிடக் கூடுதல்.

முதற்கட்டப் பரிசோதனை

கர்ப்பப்பை வாய் பார்வைக்கு நன்றாக இருந்தது. பிறப்புறுப்புச் சவ்வு வயதுக்கேற்ப மெலிந்திருந்தது. பிறப்புறுப்பு வழியாக எடுத்த ஸ்கேனில் உட்சவ்வின் தடிமன் 9 மில்லிமீட்டர். கசிவோடு வரும் பெண்ணுக்கு 4 மில்லிமீட்டர் வரை இருந்தால் புற்றுநோய்க்கான வாய்ப்பு மிகக் குறைவு. அதற்கு மேல் போனால் திசுவை எடுத்துப் பார்க்க வேண்டும். தடிப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இல்லை, ஒரு பக்கம் மட்டும் புடைத்திருக்கிறது என்று ஸ்கேன் எடுத்த மருத்துவர் குறித்திருந்தார்.

அந்தக் குறிப்புதான் வழியைத் தீர்மானித்தது. முன்பெல்லாம் இந்த நிலையில் டி அண்ட் சி செய்வார்கள், அதாவது கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே சுரண்டி எடுப்பார்கள். 1975 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கர்ப்பப்பையை அகற்றுவதற்குச் சற்று முன்பு சுரண்டிவிட்டு, அகற்றிய பின் திறந்து பார்த்தார்கள். 60 சதவீதம் பேருக்கு உட்பரப்பில் பாதிகூடச் சுரண்டப்படவில்லை. காம்பில் அசையும் ஒரு பாலிப் சுரண்டும் கருவிக்கு எளிதில் நழுவிவிடும். கேமராவில் அது நேரே தெரியும்.

பார்த்துக் கண்டுபிடிப்பது புதிய யோசனையும் அன்று. 1869 இல் பாந்தலியோனி என்ற மருத்துவர் 60 வயதுப் பெண் ஒருவரின் கர்ப்பப்பைக்குள் குழாய் செலுத்தி, விளக்கொளியைக் கண்ணாடியால் உள்ளே திருப்பிப் பார்த்தார். அவருக்கும் மாதவிடாய் நின்றபின் தீராத கசிவு. உள்ளே இருந்தது பாலிப் போன்ற வளர்ச்சிதான். வெள்ளி நைட்ரேட்டால் அதைச் சுட்டு அகற்றினார். கர்ப்பப்பைக்குள் பார்த்துச் சிகிச்சை செய்ததாகப் பதிவான முதல் நிகழ்வு அது.

முன்கூட்டிச் சொன்னவை

வெள்ளைத் தாளில் படம் வரைந்துதான் தொடங்கினேன். மருமகளையும் உட்காரச் சொன்னேன், ஆனால் பேசியது நோயாளியிடம். இந்தப் பேச்சுக்கு எடுக்கும் நேரத்தைக் குறைத்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

கேமரா பென்சிலைவிட மெல்லியது, 3 முதல் 5 மில்லிமீட்டர். வெட்டு இல்லை, தையல் இல்லை. கர்ப்பப்பை சும்மா இருக்கும்போது, காலியான சுருக்குப்பையைப் போல அதன் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். அப்படியே பார்த்தால் எதுவும் தெரியாது. அதனால் சலைன் நீரைச் செலுத்தி விரிக்கிறோம். விரியும்போது மாதவிடாய் வலி போல அடிவயிறு இழுத்துப் பிடிக்கும். கர்ப்பப்பை வாயின் உட்பக்கத் துவாரத்தைக் கேமரா கடக்கும் சில வினாடிகளும் வலிக்கும். அதிகமாக வலிப்பது இந்த இரண்டு இடங்களில்தான். சிலருக்கு லேசான அசௌகரியத்தோடு போய்விடும், சிலருக்குத் தாங்க முடியாமல் போகும். இவருக்கு எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது என்பதையும் சொன்னேன்.

செலுத்தும் நீர் வெளியே வழிந்து துணியை நனைக்கும். சிறுநீர் போய்விட்டதென்று நினைத்துக் கூசிக் குறுகும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் அந்தக் கூச்சம் வராது. வயிற்று ஸ்கேனுக்குத் தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு வருவது போல இதற்கு வர வேண்டியதில்லை. சிறுநீர் கழித்துவிட்டு வந்தால் போதும். அறையில் எத்தனை பேர் இருப்பார்கள், அவர்களில் ஆண்கள் உண்டா என்று கேட்கலாம். பயிற்சி மாணவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அதற்காக யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஆபத்துகளையும் மறைக்கவில்லை. கர்ப்பப்பைச் சுவரில் துளை விழுவது, பார்க்க மட்டும் செய்யும் பரிசோதனையில் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. கிருமித் தொற்று ஏறத்தாழ 400 பேரில் ஒருவருக்கு வரலாம். இந்தக் கணக்குகள் பிரிட்டனின் மகப்பேறு, மகளிர் மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி நோயாளிகளுக்குத் தரும் கையேட்டில் உள்ளவை. சில சமயம் உள்ளே போக முடியாமலே திரும்ப நேரும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

மயக்க மருந்து இல்லாமல் ஓ.பி.யிலேயே செய்துகொள்ளலாம், கர்ப்பப்பை வாயைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி போடலாம், தியேட்டரில் சிறிது நேர மயக்கத்தில் செய்யலாம். நம் ஊர் மருத்துவமனைகள் பலவற்றில் இன்னும் மயக்கத்தில் செய்வதே வழக்கம். ஓ.பி.யில் செய்தால் பட்டினி வேண்டாம், மயக்கத்தின் தொந்தரவு இல்லை, உடனே எழுந்து போகலாம். மயக்கத்தில் செய்தால் வலி தெரியாது, ஆனால் இரத்தப் பரிசோதனை, இ.சி.ஜி., பட்டினி எல்லாம் உண்டு. அவர் யோசித்துவிட்டு ஓ.பி.யில் முயன்று பார்க்கலாம் என்றார். அப்போது ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம்: அவர் வலக்கையைத் தூக்கினால் நான் நிறுத்திவிட வேண்டும். காரணம் கேட்கக் கூடாது, "இன்னும் ஒரு நிமிடம்" என்று கெஞ்சக் கூடாது.

முதல் முயற்சி

காலை உணவு சாப்பிட்டுவிட்டு, பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பு நாங்கள் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்தார். ஸ்பெகுலம் என்னும் விரிகருவியையும் கர்ப்பப்பை வாயைக் கவ்விப் பிடிக்கும் கருவியையும் பயன்படுத்தாமல், கேமராவை மட்டும் நீரோட்டத்தோடு மெல்ல நகர்த்தும் முறையைத் தேர்ந்தேன். 1997 இல் இத்தாலிய மருத்துவர்கள் பெத்தோக்கியும் செல்வாஜியும் எழுதிய முறை இது. வலியைக் குறைக்க நம் கையில் இருக்கும் வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது. செவிலியர் ஒருவர் வேறெந்த வேலையும் இல்லாமல் அவர் தலைமாட்டில் நின்று, தோளைப் பிடித்தபடி பேசிக்கொண்டிருந்தார். வலி நிவாரணத்தில் இந்தச் செவிலியரின் பங்கை நான் எந்த மாத்திரைக்கும் குறைவாக மதிப்பதில்லை.

கர்ப்பப்பை வாய் வரை தடையில்லை. உட்துவாரம் மட்டும் இறுகிச் சுருங்கியிருந்தது. மாதவிடாய் நின்று ஆண்டுகள் கடந்த பெண்களிடம் அடிக்கடி காண்பதுதான். கேமராவின் முனை அங்கே பட்டதும் அவர் முகம் வெளிறியது, கை உயர்ந்தது. நிறுத்தி, கேமராவை வெளியே எடுத்துவிட்டோம். நெற்றி வியர்த்தது, நாடித்துடிப்பு 50 க்கு இறங்கியது. கர்ப்பப்பை வாயைத் தீண்டும்போது சிலருக்கு வரும் அனிச்சை மயக்கம் இது. கால்களைச் சற்று உயர்த்தி, படுத்த நிலையிலேயே வைத்திருந்தோம். சில நிமிடங்களில் நாடி சீரானது, ஊசி மருந்து தேவைப்படவில்லை. பிறகு தேநீர் குடித்துவிட்டு அரை மணி நேரம் ஓய்வெடுத்தார்.

"கெடுத்துவிட்டேனா?" என்று அவர் கேட்டார். இல்லை என்றேன். உட்துவாரம் இறுகியிருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. அடுத்த முறை எப்படிச் செய்ய வேண்டும் என்பதும் தெளிவாகிவிட்டது. மரத்துப்போகும் ஊசியா, மயக்கமா என்று மறுபடி கேட்டபோது மயக்கம் என்றார்.

இரண்டாம் முயற்சி

மயக்கவியல் மருத்துவர் முந்தைய நாளே பார்த்துவிட்டார். திட உணவு ஆறு மணி நேரத்துக்கு முன்பு நிறுத்தம், வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். அன்று காலை மெட்ஃபார்மின் வேண்டாம், இரத்த அழுத்த மாத்திரையை மட்டும் ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்க வேண்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்; தாமாக நிறுத்தவும் கூடாது. வளையல், மூக்குத்தி, சங்கிலி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிட்டு வரச் சொல்வோம். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனம் வராதவர்கள் மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக் கட்டிக்கொண்டு வரலாம். இதை முதல் நாளே சொல்லாமல் தியேட்டர் வாசலில் சொன்னால், அந்தப் பெண் அழுதுகொண்டுதான் உள்ளே போவார்.

ஊசி வழியாக மயக்கம் கொடுத்தபின் உட்துவாரத்தைச் சிறுகச் சிறுக விரித்தோம். 100 மி.மீ. பாதரச அழுத்தத்துக்குள் சலைனைச் செலுத்தியதும் உட்பரப்பு திரையில் தெளிந்தது. இடப்பக்கக் கருக்குழாயின் வாய்க்கு அருகில், காம்போடு கூடிய ஒன்றரை சென்டிமீட்டர் பாலிப். மற்ற இடங்களில் சவ்வு வெளிறி மெலிந்திருந்தது. ஸ்கேனில் கண்ட 9 மில்லிமீட்டர் உண்மையில் இந்தப் பாலிப்பின் தடிமன்தான். கேமரா வழியாகவே நுண்கத்தரிக்கோலைச் செலுத்திக் காம்பை அடியோடு வெட்டி எடுத்தோம். மீதிச் சவ்விலிருந்தும் ஒரு துணுக்கு எடுத்தோம். இரண்டும் தனித்தனிப் புட்டிகளில், ஃபார்மலினில், திசுப் பரிசோதனைக்குப் போயின. உள்ளே போன நீரையும் வெளியே வந்த நீரையும் கணக்கிட்டதில் உடம்பில் தங்கியது 150 மில்லிலிட்டர் மட்டுமே. சலைனைப் பொறுத்தவரை நல்ல உடல்நிலை உள்ளவர்களுக்கு 2,500 மில்லிலிட்டரை மேல் எல்லையாக வைத்திருக்கிறார்கள். இதயமோ சிறுநீரகமோ பழுதுபட்டவர்களுக்கு அதைவிடக் குறைவு. உள்ளே நுழைந்து வெளியே வந்தது வரை 20 நிமிடம்.

விழித்ததும் அடிவயிற்றில் பிடிப்பு இருந்தது, பாராசிட்டமாலில் அடங்கியது. சாப்பிட்டு, சிறுநீர் கழித்து, தானாக நடந்த பின் மாலையில் மருமகளோடு வீடு திரும்பினார். மயக்கம் கொடுத்த நாளில் தனியாகப் போக விடுவதில்லை.

சில நாள் கறை படும், ஒரு வாரம் வரைகூட நீடிக்கலாம். நாப்கின் வைத்துக்கொள்ளலாம். கறை நிற்கும் வரை தாம்பத்திய உறவு வேண்டாம். காய்ச்சல், நாற்றமடிக்கும் வெள்ளைப்படுதல், மணிக்கொரு நாப்கின் நனையும் அளவுக்கு இரத்தப்போக்கு, நாளுக்கு நாள் கூடும் வயிற்றுவலி ஆகியவற்றில் எது வந்தாலும் இரவானாலும் வரச் சொல்லி, தொலைபேசி எண்ணோடு தமிழில் எழுதிக் கொடுத்தோம். இவருக்கு நான்காம் நாளே கறை நின்றுவிட்டது.

திசு முடிவு: புற்றுத்தன்மை இல்லாத பாலிப், மீதிச் சவ்வு வயதுக்கேற்ற மெலிவு. கர்ப்பப்பையை எடுக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

விவாதம்

வலியைப் பற்றி முதலில். "பெண்கள் பிரசவ வலியையே தாங்குகிறார்கள், இதைத் தாங்க மாட்டார்களா" என்று மருத்துவ வட்டாரத்திலேயே பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அது பொறுப்பற்ற பேச்சு. பிரிட்டனில் இந்தப் பரிசோதனையை மயக்கமின்றி ஓ.பி.யில் செய்வது பரவியபோது, கடும் வலியை அனுபவித்த பெண்கள் 2014 இல் திரண்டு ஓர் இயக்கம் தொடங்கினார்கள். லின் பிரவுன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களுக்காக மக்களவையில் திரும்பத் திரும்பப் பேசினார். அவர்கள் யாரும் பரிசோதனை வேண்டாம் என்று சொல்லவில்லை. முன்கூட்டிச் சொல்லுங்கள், தேர்வு கொடுங்கள், நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள் என்றார்கள். ராயல் கல்லூரியின் வழிகாட்டுதல் 2024 இல் புதுப்பிக்கப்பட்டபோது வலியும் தெரிவும் அதில் முக்கிய இடம் பெற்றன. நம் ஊரில் ஓ.பி. முறை இப்போதுதான் பரவிவருகிறது. அங்கே பெண்கள் போராடிப் பெற்றதை இங்கே தொடக்கத்திலேயே கொடுத்துவிடலாம்.

அடுத்தது ஒப்புதல். இதில் இந்தியப் பெண்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய தீர்ப்பு ஒன்று இருக்கிறது. 1995 இல் 44 வயதுப் பெண் ஒருவர் நிற்காத மாதவிடாய்ப் போக்குக்காக ஒரு மருத்துவரிடம் போனார். மயக்கத்தில் லேப்ராஸ்கோப்பி வழியாக, அதாவது வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால், பார்ப்பதற்குக் கையெழுத்திட்டார். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே வெளியே காத்திருந்த தாயிடம் ஒப்புதல் வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2008 ஜனவரி 16 அன்று வந்த தீர்ப்பு தெளிவானது: பார்ப்பதற்குக் கொடுத்த ஒப்புதல் அகற்றுவதற்கான ஒப்புதல் ஆகாது. உயிருக்கு ஆபத்தில்லாத நிலையில், வயதுவந்த பெண் மயக்கத்தில் இருக்கிறார் என்பதற்காக அவருக்குப் பதில் தாய் ஒப்புதல் தர முடியாது. விழிக்கும் வரை காத்திருக்க வேண்டும். சிகிச்சையின் தன்மை, நோக்கம், மாற்று வழிகள், முக்கிய ஆபத்துகள், மறுத்தால் நேரக்கூடியவை எல்லாவற்றையும் நோயாளியிடம் சொல்லியாக வேண்டும் என்றும் நீதிமன்றம் விளக்கியது. கிடைத்த இழப்பீடு 25,000 ரூபாய்தான் என்பது எனக்கு இன்றும் ஆறாத குறை. ஆனால் தீர்ப்பின் வலிமை பெரிது.

அதனால்தான் எங்கள் நோயாளியின் ஒப்புதல் படிவத்தில் மகனையோ மருமகளையோ கையெழுத்திடச் சொல்லவில்லை. பாலிப் இருந்தால் அப்போதே எடுத்துவிடலாமா என்பதைத் தனி வரியாக எழுதி, அவரிடமே கேட்டோம். எடுக்கலாம் என்றார். வேறு எதைக் கண்டாலும் விழித்த பின் பேசிக்கொள்ளலாம் என்றும் அதே படிவத்தில் எழுதினோம். கணவரின் கையெழுத்து இல்லாமல் செய்ய முடியாது என்று சொல்லும் இடங்கள் இன்னும் உண்டு. சட்டத்தில் அதற்கு இடமில்லை.

கர்ப்பப்பையை எடுத்துவிடுவதே எளிது என்னும் போக்கு இவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 3 சதவீதம் பேருக்கு ஏற்கெனவே கர்ப்பப்பை அகற்றப்பட்டிருந்தது. தேவையற்ற அகற்றங்களைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது. பெரிய அறுவைச் சிகிச்சைக்கு முன் கேமராவில் ஒரு முறை பார்த்திருந்தால் எத்தனை பேருக்கு ஒரு சிறு பாலிப்போடு முடிந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இளம் பெண்களுக்கும் இந்தப் பரிசோதனை தேவைப்படும்: அதிகப்படியான மாதவிடாய்ப் போக்கு, குழந்தையின்மை, மீண்டும் மீண்டும் கருச்சிதைவு, நூல் காணாமல்போன காப்பர்-டி, காசநோயாலோ முந்தைய சுரண்டலாலோ ஒட்டிப்போன கர்ப்பப்பைச் சுவர்கள். அவர்களுக்கு மாதவிடாய் முடிந்த உடனடி நாட்களே ஏற்றவை. அப்போது சவ்வு மெலிந்திருப்பதால் பார்வை தெளிவாக இருக்கும். கர்ப்பம் இல்லை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பின்தொடர்தல்

மூன்று மாதம் கழித்து வந்தபோது கசிவு இல்லை. சர்க்கரை அளவைச் சீராக்கவும் எடையைக் குறைக்கவும் பொதுமருத்துவரிடம் அனுப்பியிருக்கிறோம். பாலிப் மறுபடி வளரக்கூடும் என்பதால், எத்தனை ஆண்டு கழித்துக் கறை பட்டாலும் புதிதாக வந்த கசிவாகவே கருதி மறுபடி பார்க்க வேண்டும். திசு முடிவின் ஒரு நகலும் கேமராவில் எடுத்த படமும் அவர் கைவசம் இருக்கின்றன. அடுத்து எந்த மருத்துவரிடம் போனாலும் இரண்டையும் முதலில் மேசைமேல் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.